பாசி போக்கிய கணவன்

அசிட்டிலின் வாயு ஆலையில் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. ‘தண்ணீர் போலீஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வாயு வரும். அந்தத் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால் வெடிக்கவும் கூடும்.

அன்று காலை சோதனைக் குழாயில் குளோரினைக் காட்டும் மஞ்சள் நிறம் ஏறியது. "வால்வைத் திறக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நல்லவேளை, இன்னும் திறக்கவில்லை.

ஆலையின் தண்ணீர்த் தொட்டி மேல், அதைக் கழுவும் வேலையிலிருந்த அவள் கணவன் பெருமையாக நின்றான்.

"நீதானே பாசி பாசின்னு புலம்புன? பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுட்டேன்!"

போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும் வந்தது.

"வீட்டுத் தொட்டியைக் கழுவச் சொன்னா மட்டும் முதுகு வலிக்குது, இல்ல?"