கண்ணாடியா, மரமா, இரும்பா

என் கையால் பிழிந்த எதையும் என் மனைவி குடிக்கமாட்டாள். இதில் கோபதாபம் ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்க வாடை சம்பந்தப்பட்ட விஷயம். நான் பதுளைக்கு மேலே மலையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கொயினா கலக்குவதும் கார்பாலிக் தண்ணீரில் கை கழுவுவதும்தான் உத்தியோகம். சவர்க்காரம் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் விரலிடுக்கில் ஆஸ்பத்திரி குடியிருக்கும். தேயிலை ஸ்டோர் வாசலில் நான் தலையைக் காட்டினால் போதும், டீமேக்கர் உள்ளேயிருந்தே சத்தம் போடுவார்.

“அங்கனயே நில்லுங்க கம்பவுண்டரே! ஒங்க வாசம் தூள்ல ஏறுச்சுன்னா சீமையில தொரைமாருங்க தேத்தண்ணின்னு நெனச்சு பேதி மருந்தக் குடிப்பாங்க!”

தேயிலைக்கு அப்படி ஒரு குணம். பக்கத்தில் எது நாறினாலும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

மனைவி முழுகாமல் இருந்தபோது அவள் வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்று, தோடம்பழச் சாறு. நான் தோடம்பழம் என்பேன், அவள் ஊர் வழக்கப்படி கிச்சிலிப்பழம் என்பாள், துரைமார் ஆரஞ்சு என்பார்கள். வயிற்றுக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் நான் பிழிந்து கொடுத்தால் கோப்பை உதட்டைத் தொடுமுன்பே ஓங்கரிப்பாள். பக்கத்து வீட்டுக் கங்காணி சம்சாரம் வந்து பிழிந்து கொடுப்பார். நான் வாசலுக்கு வெளியே நின்று, தீட்டுக்காரனைப்போல எட்டிப் பார்ப்பேன்.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். அவள் தம்பி வந்து, தாய்வீட்டில் பிரசவம் பார்க்கக் கடல் தாண்டித் திருச்சிப் பக்கம் அழைத்துப் போய்விட்டான். அதன்பிறகு வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுகிற சத்தம்கூடக் கிடையாது. ஒருநாள் நானே வேண்டுமென்று ஒரு கரண்டியைக் கீழே போட்டுப் பார்த்தேன். சத்தம் வந்தது. ஆனால் அது நான் போட்ட சத்தமாகத்தான் இருந்தது.

பெண் குழந்தை. கடுதாசியில்தான் நான் தகப்பன் ஆனேன். பத்து மாதம் கழித்து இன்னொரு கடுதாசி, தம்பியின் கையெழுத்தில், அவள் குரலில். ‘குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. அம்மா இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போ என்கிறாள். நான் சித்திரையில் புறப்படலாம் என்று பார்க்கிறேன். பிள்ளைக்குத் தினமும் பழச்சாறு கொடுத்துப் பழக்கியாயிற்று. அங்கே பிழிவதற்கு நல்ல சாமான் ஏதாவது உண்டா, அல்லது உங்கள் கைதானா? கைதான் என்றால் எழுதிவிடுங்கள். நான் அம்மா சொல்கிறபடி கேட்டுக்கொள்கிறேன்.’

அவள் கேலிக்கு எழுதியிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைப் படித்ததும் என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். வேறொருவன் நாடி அப்படி ஓடியிருந்தால் படுக்கையில் சேர்த்திருப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் காணாத மனைவி, காணவே காணாத மகள், இரண்டு பேரும் ஒரு பிழிகிற சாமானில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். ‘நல்ல சாமான் உண்டு, உடனே வா’ என்று பதில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் சாமானைத் தேடிப் பதுளைக்கு இறங்கினேன்.

கடைவீதியில், எல்லோரும் நாநா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் கடை வைத்திருந்தார். லாம்புத் திரியிலிருந்து துரைமார் வீட்டுப் பீங்கான் வரை அவரிடம் கிடைக்கும். மூன்று விதமான பிழிசாமான் இருந்தது. ஒன்று இரும்பு, உள்ளே ஈயம் பூசி, மேலே நீளப் பிடி வைத்தது. இன்னொன்று மரம், கீல் போட்டுச் சேர்த்த இரண்டு கட்டை, ஒன்றில் குழி, ஒன்றில் குமிழ், நடுவில் பழத்தை வைத்து அமுக்க வேண்டும். மூன்றாவது கண்ணாடி, தட்டின் நடுவே வரிவரியாக ஒரு கூம்பு, பாதிப் பழத்தை அதன்மேல் கவிழ்த்துத் திருக வேண்டும்.

முதல் தடவை பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை நான் படியேறும்போதே நாநா மூன்றையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டார்.

“இன்னைக்காச்சும் முடிவா தம்பி?”

“இரும்பு கறுக்கும் நாநா. புளிப்பு பட்டுப் பட்டு ஈயம் போயிடும். அப்புறம் பிள்ளைக்கு ஆணியப் பிழிஞ்சு ஊத்துற மாதிரி.”

“சரி, மரம்?”

“மரம் ஊறும்.”

“கண்ணாடி?”

“ஒடையும்.”

“அப்ப பழமா மனசு வெச்சு, தன்னைத்தானே பிழிஞ்சிக்கிட்டாத்தான் உண்டு.”

உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு பெரகலயிலிருந்து வந்த மாட்டுக் கரத்தைக்காரர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். அவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

“ஏங்கய்யா, வாயில போட்டுக் கடிச்சா சாறு வராதா?”

“பிள்ளைக்கு ரெண்டு பல்லுதாங்க.”

“ரெண்டு பல்லுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்! முப்பத்திரெண்டும் மொளைக்கட்டும், கடையவே வாங்கிருவீக போல!”

நான் அசரவில்லை. பையிலிருந்து பழத்தை எடுத்து மரச்சாமானில் வைத்து ஓங்கி அமுக்கினேன். சாறு கீழே போகாமல் பக்கவாட்டில் பாய்ந்து நாநாவின் தாடியில் போய் இறங்கியது.

“பழத்தப் பிழியுங்க தம்பி, கடைக்காரனப் பிழியாதீங்க,” என்று துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை ஒருமாதிரி பார்த்தார். “பொண்ணு பாக்க எத்தனை தரம் போனீங்க?”

“ஒரு தரம்.”

“பொஞ்சாதிக்கு ஒரு தரம், பழச்சாமானுக்கு மூணு தரமா?”

“அப்ப அவ எப்படின்னு எனக்குத் தெரியாது நாநா. தெரியாததுக்கு என்ன பயம்? இப்பத் தெரியுமே.”

நாநா சிரிக்கவில்லை. கண்ணாடியை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“இதக் கொண்டு போங்க. கண்ணாடி எந்த வாசமும் புடிக்காது. ஒங்க மருந்தெல்லாம் எதில இருக்கு? கண்ணாடிப் போத்தல்லதானே?”

கம்பவுண்டருக்குக் கடைக்காரர் சொல்லித்தர வேண்டியிருந்தது. அப்படியும் நான் மரத்தைத்தான் வாங்கினேன். சம்சாரம் வீடு வருகிற நேரத்தில் கண்ணாடி உடைந்தால் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். அர்த்தம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், இல்லாத அர்த்தத்துக்குப் பயப்படுவதில் நான் கெட்டிக்காரன்.

வீட்டுக்கு வந்ததும் செய்தேன் பாருங்கள் ஒரு வேலை. ஆஸ்பத்திரியில் எது புதிதாக வந்தாலும், கத்தியோ கிண்ணமோ கட்டிலோ, முதலில் கார்பாலிக்கில் முக்குவது எங்கள் வழக்கம். பதினோரு வருஷப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. பிள்ளை வாயில் போகிற சாமான், சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன். சாயங்காலம் எடுத்து மோந்து பார்த்தபோதுதான் உறைத்தது. எந்த வாடைக்குப் பயந்து சாமான் வாங்கினேனோ, அந்த வாடையையே அதற்குள் ஏற்றி வைத்திருந்தேன். பிழிந்து பார்த்தேன். சாறு அச்சாக நானேதான்.

அவர்கள் வர ஒன்பது நாள் இருந்தது. சாமானை வெந்நீரில் போட்டேன், வெயிலில் போட்டேன், சாம்பிராணி காட்டினேன். எதற்கும் மசியவில்லை. அப்புறம் தேயிலையின் குணம் நினைவுக்கு வந்தது. வாடையை வாங்கிக்கொள்ளும் என்றால் இதையும் வாங்கட்டுமே! ஒரு டின் நிறையத் தூளைக் கொட்டி, அதற்குள் மரத்தைப் புதைத்து மூடி வைத்தேன். மூன்று நாள் கழித்துத் திறந்தேன். தேயிலை தன் கடமையைச் செய்திருந்தது. மரத்தில் வாடை குறையாமலே தூளில் வாடை ஏறியிருந்தது. தூளை எறிய மனமில்லாமல் காய்ச்சிக் குடித்தேன். டீமேக்கர் சொன்னது சத்தியம்.

திரும்பவும் பதுளை. நாநா கண்ணாடியை வைக்கோலில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “மெல்ல நடங்க,” என்றார், அவ்வளவுதான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலை ஏறினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் குழந்தை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

அப்போது ரயில் பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். அவள் இறங்கினாள், மெலிந்திருந்தாள். பிள்ளையை என்னிடம் நீட்டினாள். பிள்ளை என் கையை மோந்து பார்த்தது. பிறகு ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி அழுதது.

“பாத்தீங்களா, பிள்ளைக்குக்கூடத் தெரியுது,” என்றாள்.

வீட்டில் நுழைந்ததும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதிப் பழத்தைக் கவிழ்த்துத் திருகினாள். பிள்ளை குடித்தது. மிச்சத்தை அவள் குடித்தாள். எனக்கு மூச்சு வந்தது. அடுப்படி மூலையில் கிடந்த மரத்தை அப்புறம்தான் பார்த்தாள். எடுத்து மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“ஏங்க, இது யாரு?”

“மூத்த சம்சாரம்.”

சிரித்தாள். பதினைந்து மாதம் நான் காத்திருந்தது பழச்சாற்றுக்கு இல்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

ஆறு மாதம் இருந்தார்கள். காலையில் நான் கண் விழிப்பதே அந்தக் கண்ணாடியில் பழம் திருகும் கரகர சத்தத்தில்தான். பிள்ளை மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தச் சத்தத்துக்கு முழங்காலை மடக்கி மடக்கி ஆடும். போகப்போக என் கைக்கும் பழகிவிட்டது. நான் தூக்கினால் அழுவதை விட்டு, என் கட்டைவிரலைக் கடிக்கத் தொடங்கியது. அதற்குள் பல்லும் ஆறாகியிருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. அந்த வருஷம் அது விடவே இல்லை. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நெஞ்சில் சளி கட்டி, என்னிடம் இருந்த எல்லா மருந்தும் கொடுத்தும் தங்கவில்லை. மூன்றாவதாக நான் குழலை வைத்துக் கேட்ட நெஞ்சு என் மகளுடையது. அதே சத்தம். நான் பயப்பட்ட கதைகளை இத்தனை நேரம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அந்த ஒரு பயத்தை வைத்து மட்டும் எனக்கு வேடிக்கை பண்ணத் தெரியவில்லை.

பிள்ளை கொஞ்சம் தேறியதும் சொன்னேன்.

“நீ ஊருக்குப் போ. இந்தக் குளிரு இவளுக்கு ஆகாது.”

“நான் இருக்கத்தானே வந்தேன்,” என்றாள்.

“தெரியும்.”

“அம்மா இரு இருன்னு அழுதாங்க. அதையும் மீறித்தான் வந்தேன்.”

“அதுவும் தெரியும்.”

“அப்ப நீங்களே போகச் சொல்றீங்களா?”

“புருஷன் சொல்லல. கம்பவுண்டர் சொல்றான்.”

“அந்த ஆள எனக்கு எப்பவுமே புடிக்காது,” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவே கண்ணாடியை ஆஸ்பத்திரிப் பஞ்சு சுற்றி நானே வைத்தேன். உடையாமல் போய்ச் சேர்ந்ததாகக் கடுதாசி வந்தது.

இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் போய்வருகிறேன். ஒவ்வொரு தரமும் மகள் ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். இங்கே பதுளையில் தோடம்பழம் வரும் காலத்தில் நானும் நாலு பழம் வாங்குவேன். ஒற்றை ஆளுக்கு எதற்குச் சாறு? நின்ற இடத்திலேயே உரித்துச் சுளையாகத் தின்றுவிட்டு மலை ஏறுவேன்.

இப்போது மகளே கடுதாசி எழுதுகிறாள். போன கடுதாசியில், ‘அம்மா கேட்கச் சொன்னாள், அப்பா இங்கேயே வந்து இருக்க என்ன தடை’ என்று எழுதியிருந்தாள். வழக்கமாக ஏதாவது கோமாளித்தனமாகப் பதில் போடுவேன். இந்தத் தரம் பதில் போடவில்லை. வேலையை விடுவதாகத் துரைக்கு மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை படித்துவிட்டு, காய்ச்சல் காலம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் வந்த நாளிலிருந்து தோட்டத்தில் அந்தக் காலம் முடிந்து பார்த்ததில்லை. இருந்தாலும் தினமும் காலையில், காய்ச்சல் மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்களை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒருதரம் எண்ணிப் பார்க்கிறேன்.