கள்ளனுக்கு நாங்களே போட்ட போன்

என் கணவர் வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். வேலை முடிந்து தேங்காய்ப்பட்டணத்துக்குத் திரும்பியதும், மிச்சமிருந்த பாதுகாப்பையெல்லாம் எங்கள் வீட்டில் இறக்கினார். கேஸ் அடுப்பை எப்படி மூடுவது, ஏணியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தினமும் ஒரு வகுப்பு. இருபத்திரண்டு வருஷமும் அந்த அடுப்பை மூடியதும், அந்த ஏணியில் ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவியதும் நான்தான் என்பது பாடத்தில் வராது.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் கொல்லைப்புறத்தில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர், காசு கொடுக்காமல் பழைய படம் ஒன்று பார்க்க லேப்டாப்பில் வழி தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று சைரன் சத்தம். திரை முழுக்கச் சிவப்பு. கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது.

அலாரம் அடித்தால் சுவரில் எழுதியிருக்கும் எண்ணை அழைக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். எழுதியது யார் என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். அழைத்துவிட்டார்.

மறுமுனையில் ஒருவன் வாக்கியத்துக்கு மூன்று 'சார்' போட்டு ஆங்கிலம் பேசினான். ஊருக்கு வந்தபின் அவரை அத்தனை தடவை யாரும் சார் என்றதில்லை. நானும் என்றதில்லை. அவன் சொன்ன ஆப்பை இறக்கினார். அதோடு எங்கள் கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போய்விட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடக்கிற பிழைப் பட்டியல் ஒன்றைத் திறந்துகாட்டி, எல்லாம் வைரஸ் என்றானாம். சுத்தம் செய்ய நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். இவர் வங்கிப் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டையும் அடித்தார்.

நல்லவேளை, அந்தக் கணக்கு அவர் வெளிநாட்டில் இருந்தபோது தொடங்கியது. வங்கியின் ஓடிபி என் போனுக்குத்தான் வரும்.

"ஏட்டி, ஒன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். சட்டுன்னு சொல்லு."

செதில் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டு, வந்த செய்தியை முழுவதும் வாசித்தேன். எங்கள் வீட்டில் அப்படி வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

"இதுல எண்பத்தஞ்சாயிரம்னு போட்டிருக்கு. யாருக்கு எண்பத்தஞ்சாயிரம்?"

அவர் அதைப் போனில் கேட்டு, பதிலை எனக்குச் சொன்னார். "டெபாசிட்டாக்கும். அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்திரும். கம்பெனிக்காரன் லைன்ல நிக்கான், நாணங்கெடுத்தாத."

கள்ளனுக்கு மொழிபெயர்ப்பாளராக என் கணவர் நின்ற நிற்பைப் பார்த்தபடி உள்ளே போனேன். அவர் கை லேப்டாப்பில் இல்லை. திரையில் அம்புக்குறி தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப்பின் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடித்தேன்.

"ஏட்டி, அணைக்கக் கூடாதுன்னு சொன்னாவ!"

போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எந்த ஊரிலிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். ஹெட் ஆபீஸ் என்றான். ஹெட் ஆபீஸ் எந்த ஊரில் என்றேன். ஓடிபியைக் கொடு என்றான். முடியாது என்றதும் சார், மேடம் எல்லாம் போய்விட்டது. இந்தியில் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. வளைகுடாவில் இந்தி படித்த என் கணவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. எண்பத்தஞ்சாயிரம் சொல்லி வராத சந்தேகம், தன் அம்மாவைத் திட்டியதும் வந்தது.

உடனே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொன்னோம். திங்கட்கிழமை நேரிலும் போனோம். அதிகாரி, "ஒங்களுக்கு எங்கயிருந்து கால் வந்தது?" என்று கேட்டார். இவர் மேலே ஃபேனைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "அவன் கூப்பிடல்ல சார். நாங்கதான் கூப்பிட்டோம்."

லேப்டாப்பைச் சுத்தம் செய்துகொடுத்த கடைக்காரர், அந்தச் சிவப்பு வெறும் ஒரு வலைப்பக்கம்தான், மூடியிருந்தாலே போதும் என்றார்.

"சைரன் அடிச்சுதே?" என்று இவர் விடவில்லை.

"சத்தம் ஆரு வேணும்னாலும் போடலாம் அண்ணே. நிஜக் கம்பெனிக்காரன் ஒங்க திரையில நம்பர் எழுதிப் போட்டு விளிக்கச் சொல்ல மாட்டான்."

அந்த மாதம் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் வீட்டில் நடந்தது. ஜெபம் முடிந்ததும் என் கணவர் எழுந்து, "எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன்" என்று தொடங்கி, யாரோ ஒரு நண்பனுக்கு நேர்ந்ததுபோல நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அவனுக்க வீட்டுல தடுக்க ஆளில்லியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவனுக்க பெண்டாட்டி நல்ல புத்தியுள்ளவ" என்றார் தரையைப் பார்த்து. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் பாராட்டு. அதை வாங்க நான் இன்னொருத்தன் பெண்டாட்டியாக வேண்டியிருந்தது.

ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் சாயா ஊற்றும்போது அவர் மனைவி என் காதருகே வந்தாள்.

"எங்க வீட்டுலயும் ஒரு கூட்டுக்காரன் உண்டு. ரெண்டு லெச்சம் போச்சு."

"எப்ப?"

"மூணு மாசமாச்சு. பிள்ளையளுக்குக்கூடச் சொல்லப்பிடாதுன்னு சொல்லிட்டாரு."

மறுநாள் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தோம். எழுதிக்கொண்டவர் பேனாவை வைத்துவிட்டு, "அன்னைக்கே வந்திருந்தா நிறுத்தியிருக்கலாமே" என்றார். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.