வாக்குத்தத்த அட்டையும் மகளின் காய்ச்சலும்

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், வாதை வீட்டை அணுகாது என்ற வேதாகமச் சங்கீத வசனம் இருந்தது. அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். மழைக்காலத்தில், எங்கள் பகுதியான கரமனையில் தேங்கிய தண்ணீரில் நடந்து கல்லூரியிலிருந்து வந்த மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று நினைத்து, ஜெபம் மட்டுமே செய்தேன்.

கண் சிவந்து படுத்திருந்தவள், "அம்மே, ஆலயத்து உச்சியிலேருந்து குதின்னு சாத்தான் இயேசுகிட்ட சொன்னதும், தூதருங்க தாங்கிக்குவாங்கன்னு இதே சங்கீதத்தைக் காட்டித்தானே? அவரு குதிச்சாரா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே ஆட்டோ பிடித்தேன். தேங்கிய தண்ணீரிலிருந்து தொற்றிய எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. "இன்னும் தாமசிச்சிருந்தா கிட்னி போயிருக்கும், கேட்டோ?" என்றார் மலையாளி டாக்டர்.

பிழைத்துவிட்டாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்றும் அவள் தும்மினால் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் அட்டையில் வரும் ஒற்றை வசனத்தோடு நிற்காமல், வேதத்தைத் திறந்து அதிகாரம் முழுவதையும் வாசிக்கிறேன். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தும் ஜெபிக்கிறேன்.