ஒரு வரிக்கு ஒரு தாள்

பள்ளி விடுமுறையில் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் எங்களைப் போன்ற மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். தி.நகரில் புடவைக் கடையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பாதி மனதுதான். ஊரைவிட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சு அவரை விடவில்லை. "நடுவுல ஒரு நாள் நானே வந்து பாக்கேன். உருப்படியா இருந்தா தொடர்ந்து போ. இல்லைன்னா தையல் கிளாஸ்தான்" என்று சொல்லிவிட்டார்.

தையல் என்றாலே எனக்கு ஆகாது. கம்ப்யூட்டரோ ஒரே வாரத்தில் என்னைப் பைத்தியமாக அடித்துவிட்டது. அப்போதெல்லாம் ஒவ்வொரு கட்டளையையும் ஓர் அட்டையில் துளைபோட்டு, அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கம்ப்யூட்டர் அறை ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் விடை தாளில் அச்சாகி வரும். வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை. இங்கே ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த மெஷின் கேட்டது! முதல் ப்ரோக்ராம் சரியாக வந்ததும் பையன்களிடம், "இவ்வளவுதானா?" என்றேன். வாய்க்கொழுப்பு.

அப்பா வருகிற நாளுக்கென்று, ஒன்றிலிருந்து இருநூறு வரை எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் அச்சடிக்க எழுதிக் கொடுத்திருந்தேன். மிஞ்சிப்போனால் நாலு தாள் வரும்.

அன்று ஜன்னலில் ஆபரேட்டர் இரண்டு கையாலும் ஒரு தாள்கட்டைத் தூக்கி வைத்தார். "இன்னாம்மா இது? குடோனையே காலி பண்ணிட்டியே!"

பிரித்தால், முதல் இரண்டு தாள் ஒழுங்கு. நூறிலிருந்து தாளுக்கு ஒரே ஒரு வரி. கீழே முழுக்க வெள்ளை. அச்சாகும் ஒவ்வொரு வரியிலும் முதல் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தார்கள். அது அச்சு மெஷினுக்கு உத்தரவு போடுகிற இடம். அங்கே ஒன்று என்ற எண் இருந்தால் அது அடுத்த தாளுக்குத் தாவிவிடும். நான் இடம் விடவில்லை. நூறுக்கு உட்பட்ட எண்களுக்கு முன்னால் மெஷினே இடம் விட்டிருந்தது. நூறு தொடங்கி இருநூறுக்கு முன்னால் வரை எல்லா எண்ணும் ஒன்றில்தானே ஆரம்பிக்கிறது? பையன்கள் சிரித்த சிரிப்பில் என் காது சுட்டது. "இவ்வளவுதானா?" என்று ஒருவன் திருப்பிக் கேட்டான்.

அவர்கள் கலைந்த பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். "வர்ற வழியில பாத்தேன், பையன்கள் கையில ரெண்டு ரெண்டு தாளு. உனக்கு மட்டும் இம்புட்டா!" என்று கட்டை அவரே வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் தையல். திறக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் விசாரித்தார். "இன்னா சார், பேப்பர் வியாபாரமா?"

"எங்க பிள்ளை கம்ப்யூட்டர்ல போட்டது. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டே தாளுதான்" என்றார் அப்பா, பஸ்ஸுக்கே கேட்கும்படி. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பையன்கள் சிரித்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை. அடையாறு பாலம் தாண்டுவதற்குள் என்னால் தாங்க முடியாமல், தலையைக் குனிந்துகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பின் இருக்கைக்காரர் அப்பாவின் தோளைத் தொட்டு, "அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார்.

"வீட்டுல போய்த்தான் பிரிக்கணும்" என்ற அப்பா, எழுத்து இல்லாத பக்கம் மேலே வரும்படி கட்டைத் திருப்பி மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மந்தைவெளி வரும்வரை கையை எடுக்கவில்லை.

இறங்கும்போது கேட்டார்: "ஒரு இடம்தான விடணும்?"

"ஆமாப்பா."

"நாளைக்கு விட்டுரு."