முதலில் உட்கார்ந்தவர்

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரமே டாக்டர் கூப்பிட்டு, “ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ரேஸ் டியூட்டி, சிஸ்டர்” என்றார். குதிரை ரேஸ் என்று நினைத்து, “எங்க வீட்ல விட மாட்டாங்க சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ட்ரையத்லான் என்ற பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தொழிலாளர்கள் ‘மூணு ரேஸ்’ என்பார்கள். ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு, ஸ்ரீரங்கம் கரையில் இறங்கிக் காவிரியை நீந்திக் கடக்க வேண்டும். கரையேறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுத்து, அரியமங்கலம் வழியாகத் தஞ்சாவூர் ரோட்டில் லாரிகளோடு லாரியாக மிதிக்க வேண்டும். திருவெறும்பூர் வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு குவார்ட்டர்ஸ் தெருக்களைச் சுற்றி ஓட்டம். ஜெயித்தவருக்கு ஒரு கேடயம், அவர் வேலை பார்க்கும் ஷாப்புக்கு ஒரு வருஷம் வாய்ச்சவடால். ஆற்றில் சுழல், ரோட்டில் லாரி, தலைக்கு மேல் வெயில். இத்தனைக்கும் சேர்த்து நிர்வாகம் அனுப்பியது ஒரு ஆம்புலன்ஸையும் என்னையும்தான்.

ஓடியவர்கள் யாரும் பயிற்சி பெற்ற வீரர்கள் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் பாதிப் பேர். கேரியரையும் மட்கார்டையும் கழற்றிவிட்டால் வேலைக்குப் போகும் சைக்கிளே ரேஸ் சைக்கிள். ஈர டிராயரோடு மிதித்துத் தொடையெல்லாம் தோல் உரிந்து வருவார்கள். டிங்சர் வைத்தால் ஊரையே கூட்டுவார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்திருப்பார்கள். ‘இவங்களுக்கு என்ன பைத்தியமா’ என்று திட்டிக்கொண்டு போன நான், இரண்டே வருஷத்தில் யார் யார் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று பந்தயம் கட்டும் அளவுக்குப் போய்விட்டேன். அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துப் போயிற்று.

டோக்கன் நம்பர்

கேன்டீன் முனையில் எனக்கு ஒரு பந்தல். யாராவது தள்ளாடினால் நான் நிறுத்தி, தொழிற்சாலை கேட்டில் சொல்லும் டோக்கன் நம்பரைக் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் ஓடலாம், தப்பாகச் சொன்னால் ஆம்புலன்ஸ். இது கமிட்டி போட்ட ரூல்.

ஒரு வருஷம் என் பந்தலுக்கு முதலில் வந்தவர் தங்கராசு. மெஷின் ஷாப் டர்னர், நாற்பதை நெருங்கியவர். பல வருஷம் ஓடியும் கேடயத்தைத் தொட்டதில்லை. கொஞ்ச தூரத்தில் வரதன் வந்துகொண்டிருந்தார். டிராயிங் ஆபீஸில் வேலை, ஸ்ரீரங்கத்துக்காரர், ஆற்றிலேயே வளர்ந்த நீச்சல்.

தங்கராசுவின் கால்கள் நேராக விழவில்லை. எல்லோருக்கும் வியர்வை ஊற்றுகிற வெயிலில் அவர் தோல் காய்ந்து சிவந்திருந்தது. கையைப் பிடித்தேன். அடுப்பில் வைத்த மாதிரிச் சுட்டது.

“டோக்கன் நம்பர் சொல்லுங்க.”

பிசிறில்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “கேட்டைத் திறங்க சார், சங்கு ஊதிட்டாங்க” என்றார்.

என்னைக் கேட் வாட்ச்மேன் என்று நினைத்துவிட்டார். மூளைக்குச் சூடு ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஓடினால் ஆளே தங்க மாட்டார். மெஷின் ஷாப் கூட்டமோ, “நம்பர் கரெக்டா சொல்லிட்டாருல்ல, கையை விடுங்க சிஸ்டர்!” என்று கத்தியது. கமிட்டி செக்ரட்டரியும், “ரூல்னா ரூல்தாம்மா” என்றார். அதற்குள் தங்கராசு கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். பக்கத்தில் வந்த வரதனிடம், “அவரை நிறுத்துங்க, உயிர் போயிடும்!” என்று கத்தினேன். வரதன் எட்டித் தோளைப் பிடித்தார். தங்கராசு தள்ளிவிட்டு வேகம் எடுத்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்கக் கேட்க அவருக்கு வேகம் கூடியது. வரதனுக்கு அது புரிந்துவிட்டது. ஒரே மூச்சில் அவரைத் தாண்டிப் போய், கண்ணெதிரே நடு ரோட்டில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“என்னால முடியலண்ணே. நான் உக்காந்துட்டேன்.”

தங்கராசு நின்றார். குனிந்து பார்த்தார். “தோத்துட்டியாடா?”

“தோத்துட்டேண்ணே. நீங்களும் உக்காருங்க, ஆற அமரப் போகலாம்.”

தங்கராசு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கேன்டீன் டிரம் தண்ணீரை மேலே கொட்டினோம். ஈரச் சாக்கைப் போர்த்தினோம். சோடாக்கடை ஐஸை அக்குளில் வைத்தோம். அட்டையால் விசிறியது வரதன்தான். ஃபவுண்டரிக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம்

சாயந்திரம் ஆஸ்பத்திரியில் கண் விழித்த தங்கராசு சொன்ன முதல் வார்த்தை, “அவன்தான் முதல்ல உக்காந்தான்.”

நான் அதோடு டோக்கன் நம்பர் கேட்பதை விட்டேன். தினமும் கேட்டில் ஒப்பிக்கிற நம்பர், புத்தி போன பிறகும் வாயில் வரும். “காலையில என்ன சாப்பிட்டீங்க? இப்ப உங்களுக்கு முன்னாடி யார் போறாங்க?” என்று அன்றைய சங்கதியைக் கேட்க வேண்டும். இந்த டியூட்டி பார்க்கிற இளையவர்கள் இதை மறக்காதீர்கள்.

அடுத்த ஆவணி. ரேஸ் தொடங்குமுன் நானும் ஸ்ரீரங்கம் கரையில் இருந்தேன். தங்கராசு எல்லோருக்கும் கேட்கும்படி, “டேய் வரதா, போன வருஷம் மாதிரி நடு ரோட்ல குந்திடாத!” என்றார். கரையே சிரித்தது. வரதனும் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வரதனைத் தனியே அழைத்து, “ஒரு வருஷமா கேலி பண்றாரு. உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்றேன்.

தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே வரதன் சொன்னார்:

“சொல்லிட்டா, இன்னொரு தடவை நான் உக்காந்தா அவர் உக்கார மாட்டாரே, சிஸ்டர்.”