மூன்று சுழி

மத்தியானம் மூன்று மணி வாக்கில் மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். முதலில் மகள் சிரிப்பாள், பிறகு மகன். கடைசியாக, தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓர்ப்படி சிரிப்பாள். கீழே சாப்பாட்டு மேசையில் அச்சுப்படிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அப்போது படித்த வரியையே மறுபடியும் படிப்பாள். மூன்றாவது முறையும் அந்த வரியில் பிழை இருக்காது.

பிழை திருத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக மூன்று பதிப்பகங்களுக்குச் செய்கிறாள். சமையல் புத்தகம், சட்டப் புத்தகம், கவிதை, வங்கி ஆண்டறிக்கை, எது வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். தெருவில் புரூஃப் அக்கா என்பார்கள். மருந்துக்கடைப் பலகையில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரரை ஏணி போட்டு ஏறவைத்தவள்.

பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றதும் அப்படித்தான். மகளுக்குப் பதினைந்து வயது. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைத்திருப்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மகனுக்குப் பதின்மூன்று. வருவதும் போவதும் தெரியாது, அதனால் பூனை. வக்கீலின் அரையாண்டு வினாத்தாளில் பதினொரு பிழைகள் இருந்தன. அம்மா அவற்றைச் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் குறியிட்டு, ஆசிரியருக்குக் கொடுத்தனுப்பினாள். அடுத்த தாளில் பதினான்கு. அதையும் அனுப்பினாள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, “நீங்க உங்க பிள்ளைங்களைப் பாத்துக்குங்க. நாங்க எங்க வினாத்தாளைப் பாத்துக்கறோம்” என்றார். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறித்து வருகிறவர். “நானும் தினம் படிக்கிறவன்தான், மீட்டரை” என்றார். “நீ சொல்லிக்கொடு. ஒரு வருஷம் பாப்போம்.”

அவள் சொல்லிக்கொடுத்தாள். முதல் இரண்டு மாதம் கால அட்டவணை. அது பள்ளிக்கூடத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தது, மணி மட்டும் இல்லை. பிறகு, வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னால் மனதில் நிற்கும் என்று எங்கோ படித்துவிட்டு அமிலத்தையும் காரத்தையும் மாமியார் மருமகள் ஆக்கினாள்.

“ரெண்டும் சேந்தா உப்பும் தண்ணியும் வரும்ங்கற” என்றாள் வக்கீல். “மாமியாரும் மருமகளும் சேந்தா என்னம்மா வரும்?”

“போலீஸ் வரும்” என்றான் பூனை.

அவள் சிரித்திருக்கலாம். “போலீஸ் உயர்திணை. ‘வரும்’ எப்படிப் பொருந்தும்?” என்று கேட்டாள்.

பூங்காவில் வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தாள். அங்கே இருந்த அறிவிப்புப் பலகை ஒன்றில் சந்திப்பிழை இருந்தது. அன்று தாவரவியல் நடக்கவில்லை. வக்கீலுக்கு ன, ண எப்போதும் தகராறு. மூன்று என்பதை மூண்று என்று எழுதுவாள். அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிவதற்கு முன்பே அம்மாவின் பேனா அந்தச் சுழியில் போய் நின்றுவிடும். நாளாக ஆக வக்கீல் சிறிய வாக்கியங்களாக எழுத ஆரம்பித்தாள். பிறகு சொற்களாக.

அந்தச் சமயத்தில்தான் இருவரும் மத்தியானத்தில் மாடிக்குப் போக ஆரம்பித்தார்கள். மாடியில் ஒரே அறை. கொழுந்தன் கப்பலில் வேலை பார்க்கிறான், அவன் மனைவியான ஓர்ப்படி பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக்கொடுக்கிறாள். இடுப்பைச் சுருக்குவது, கையைக் குட்டையாக்குவது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்றுப்போனவள். அதை அவளே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கீழே திரும்பி வரும் பிள்ளைகள் வேறு பிள்ளைகளாக வந்தார்கள். பூனை சாப்பிடும்போது தட்டின் சுற்றளவைக் கணக்குப் போட்டான். வக்கீல் கதவு திறக்கும் கோணத்தைப் பற்றிப் பேசினாள். ஒவ்வொரு பேச்சும் சித்தியில்தான் தொடங்கியது. சித்தி அப்படிக் கேட்டாங்க, சித்திக்கு அது தெரியணுமாம். அவள் குழம்பு ஊற்றினாள். தன் கை கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுவதை அவளே கவனித்தாள்.

ஒருநாள் காயப்போட்ட துணி எடுக்கப் போகிறவளைப் போல மாடிப்படியில் பாதி ஏறி நின்றாள். உள்ளே ஓர்ப்படியின் குரல்: “புரியலடா. எனக்காக இன்னொரு தடவை சொல்லு.” பூனை பேசினான். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவன் தொடர்ந்து ஐந்து நிமிடம் பேசினான். “இப்பவும் பாதிதான் புரியுது” என்றாள் ஓர்ப்படி. வக்கீல் குறுக்கே விழுந்து, “நீ தப்பா சொல்ற, தள்ளு, நான் சொல்றேன்” என்றாள்.

துணி எடுக்காமலே இறங்கி வந்தாள். என்ன கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாள். ஒன்றும் தெரியாதவளைப் போல நடித்து, பிள்ளைகள் வாயாலேயே பாடத்தை வரவழைக்கிறாள். இதை எங்கே கற்றுக்கொண்டாள்? மூன்று பதிப்பகத்தின் கல்வியியல் நூல்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன, எனக்குத் தோன்றவில்லையே. ஊசியில் நூல் கோர்க்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை வக்கீலுக்கு முன்னால் உட்கார்ந்து, “ஒளிச்சேர்க்கைன்னா என்னடி? எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு” என்றாள்.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். “போன மாசம் தாவரவியல் புத்தகத்துக்குப் புரூஃப் பாத்தியே.”

“பாத்தேன். புரியல. எனக்காக ஒரு தடவை சொல்லேன்.”

“பச்சையம் இருக்குல்ல, அது சூரிய ஒளிய…”

“சூரிய ஒளியை” என்றாள் அவள். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

வக்கீல் புத்தகத்தை மூடினாள். கோபம் இல்லை. “உனக்கு நடிக்க வரல, விடும்மா” என்றாள். பிறகு, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒண்ணாம் தேதிலேர்ந்து நாங்க மாடியிலயே படிக்கிறோம். எல்லாப் பாடமும். அப்பாகிட்ட கேட்டுட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“அம்மா சரின்னா சரியாம்.”

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே மகள் ஒரு மாடி தூரத்துக்குப் போய்விடுவாள். சாப்பிடக் கீழே வருவாள், விருந்தாளியைப் போல. அவள் அந்த ஆறு நாளை விரல்விட்டு எண்ணினாள்.

நான்காம் நாள் வக்கீல் குளிக்கப் போயிருந்தபோது மேசையில் அவளுடைய நீல அட்டை நோட்டு கிடந்தது. மாடிக்கு மட்டும் போய்வரும் நோட்டு. திறந்த பக்கத்தில் மூன்றே வரி. இத்தனை நீளமாக மகள் எழுதி அவள் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

நாண் மையத்தை விட்டு விலக விலகச் சிறியதாகும். மையம் வழியாகப் போகும் நாணே எல்லாவற்றிலும் பெரியது. மையத்திலிருந்து செங்குத்தாக வரும் கோடு நாணைச் சமமாகப் பிளக்கும்.

மறுபடியும் அந்த ண. இரண்டு சுழி போட வேண்டிய இடமெல்லாம் மூன்று சுழி. அவள் உட்கார்ந்துவிட்டாள். தன்னைப் பற்றி எழுதியிருக்கிறாள் பெண். மையம் யார் என்று கேட்கவே வேண்டாம், மாடியில் இருக்கிறது. அவளை விட்டு விலகினால் இவள் சிறியவளாகிவிடுவாளாம். அவள் வழியாகப் போனால் எல்லாரிலும் பெரியவளாம். அந்தக் கோடுதான் விளங்கவில்லை. ஆனால் இதைவிட விளங்காத கவிதைத் தொகுதிகளை அவள் அச்சுக்கு அனுப்பியிருக்கிறாள். என்னைச் சமமாகப் பிளக்கும் என்ற இடத்தில் கண் கலங்கியது. கண் கலங்கிக்கொண்டிருக்கும்போதே கை சிவப்புப் பேனாவை எடுத்திருந்தது. நான் சிறியவளாவேன். நானே எல்லாரிலும் பெரியவள். என்னைச் சமமாகப் பிளக்கும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் வந்ததும் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பியிருந்தால் அங்கே காம்பஸில் வரைந்த வட்டம் ஒன்று கண்ணில் பட்டிருக்கும்.

மூன்று மணிக்கு மாடியில் சிரிப்பு கேட்டது. வழக்கத்தைவிட நீளமாக. பிறகு படியில் காலடிச் சத்தம். வக்கீல் நோட்டோடு வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்திருந்தாள்.

“அம்மா, இது வட்டத்துப் பாடம். நாண்.”

“நான்.”

“நாண்ம்மா. மூணு சுழி. வில்லுல கட்டுவாங்களே, அந்த நாண். நீ எல்லா நாணையும் நான் ஆக்கிட்ட. இந்தத் தடவை நான் சரியாத்தான் எழுதியிருந்தேன்.”

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். சரியாக இருந்த எழுத்தைத் தவறாக்கியது இந்த இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. சந்தேகம் வந்தால் அடிக்கக் கூடாது, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவரைக் கேட்க வேண்டும். தொழிலின் முதல் பாடம் அது. முகம் தெரியாத வங்கி மேலாளருக்கெல்லாம் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு ஒன்று கூடப் போட்டதில்லை.

“உங்க சித்தி எழுதச் சொன்னதா இது?”

“சித்தி எங்க எழுதச் சொல்றது? சித்திக்காக நான் எழுதினது.” வக்கீல் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. அவங்க கணக்குப் பரீட்சைய மறுபடி எழுதறாங்க. ஆடை ஃபாக்டரியில மேற்பார்வை வேலைக்குப் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணுமாம். நானும் இவனும்தான் சொல்லிக்குடுக்கறோம்.”

“அப்ப புரியலன்னு சொல்றது?”

“நெஜமாவே புரியாதும்மா அவங்களுக்கு.”

நடிப்பு இல்லை என்று தெரிந்ததும் பொறாமை குறைந்திருக்க வேண்டும். கூடிற்று. நடிப்பென்றால் பழகிக்கொள்ளலாம். தெரியாமல் இருப்பதை எங்கே போய்ப் பழகுவது? அவள் நோட்டின் பக்கத்தைத் திருப்பினாள். வட்டம், உள்ளே ஒரு கோடு, பக்கத்தில் எண்கள். வெகுநேரம் பார்த்தாள். பத்தாம் வகுப்போடு விட்ட கணக்கு. அதில் எழுத்து மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

“இந்தக் கோடு ஏன் அதைச் சமமாப் பிளக்குது?” என்று கேட்டாள்.

வக்கீல் சந்தேகமாக முகத்தைப் பார்த்தாள். பிறகு, “மேல வா” என்றாள்.

மாடி அறையில் வெட்டுமேசை மேல் ஒரு மேசைவிரிப்பு வட்டமாக வெட்டிக் கிடந்தது. அதில் சாக்பீஸால் கோடுகள். ஓர்ப்படி எழுந்து, மறைப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள்.

“சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டா.”

“மூணாவது தடவை அக்கா. சிரிக்காதீங்க.”

“நான் எங்க சிரிச்சேன். நீங்கதான தினம் சிரிக்கிறீங்க.”

சொன்ன விதம் அவளுக்கே சுருக்கென்றது. ஓர்ப்படி துணிமூட்டையை நகர்த்தி, முக்காலியில் இடம் விட்டாள். பூனை ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தான்.

வக்கீல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். “வட்டத்தோட ஆரம் பதின்மூணு. நாண் இருபத்திநாலு. மையத்திலேர்ந்து நாண் எவ்வளவு தூரம்?”

ஓர்ப்படி விரிப்பை இரண்டாக மடித்தாள், சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள், பன்னிரண்டு என்று முணுமுணுத்தாள். ஏதோ பெருக்கிக் கழித்தாள். “அஞ்சு” என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதை நம்பாதவளைப் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உனக்கு எவ்வளவு வந்துச்சும்மா?”

“பதினொண்ணு.” இருபத்துநான்கிலிருந்து பதின்மூன்றைக் கழித்திருந்தாள்.

தப்பு என்று வரும் என்று காத்திருந்தாள். வக்கீல் சொல்லவில்லை. “எப்படி வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு நின்றாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல நின்றாள். அவள் சொல்லத் தொடங்கினாள். பாதியில் தன் தவறு தனக்கே தெரிந்து நிறுத்தினாள். யாரும் குறுக்கே வரவில்லை. இது இவளுக்கு எங்கிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“ஒண்ணாம் தேதிலேர்ந்து” என்றாள் அவள், தாளைப் பார்த்தபடியே, “நானும் மேல வரேன்.”

“சொல்லிக்குடுக்கவா?” என்றான் பூனை.

“இல்லடா.”

வக்கீலும் பூனையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கணக்குக்கு வா. மத்ததைப் போகப்போகப் பாக்கலாம்” என்றாள் வக்கீல்.

“அக்கா வந்தா எனக்கும் தைரியம்” என்றாள் ஓர்ப்படி. மனதாரத்தான் சொன்னாள். கேட்டவளுக்கு அது பிடிக்கவில்லை.

வக்கீல் அடுத்த கணக்கைச் சொன்னாள். ஆரம் பத்து, மையத்திலிருந்து தூரம் ஆறு, நாண் எவ்வளவு? ஓர்ப்படி மறுபடியும் துணியை மடிக்கக் கை நீட்டினாள். அவள் அவசரமாகத் தன் தாளில் வட்டம் ஒன்று போட்டாள். ஓர்ப்படியின் பார்வை விழாதபடி இடது கையை வளைத்து, தாளை மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.