பதினொன்று, இரண்டு, எண்பத்தைந்து

படப்பை அம்சவல்லி எங்கே தேதி போட்டாலும் மாதத்தை எண்ணால் எழுத மாட்டாள். பிப்ரவரி என்றால் பிப்ரவரி என்று முழுசாக எழுதுவாள். பாங்கில் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தாலும் அப்படித்தான். 1991இல் பிடித்த வழக்கம் அது.

அப்போது அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. புதுசாக வந்த கம்ப்யூட்டரில், ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த தேதிகளைப் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து அவள்தான் ஏற்றினாள். அந்த மிஷினுக்கு மாதம் முன்னால் வரவேண்டும், நாள் பின்னால். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. 25-6 என்று அடித்தால் கீச்சென்று கத்தியது. ஏது இருபத்தைந்தாவது மாதம்? மாற்றி அடித்தால் வாயை மூடிக்கொண்டது. பன்னிரண்டுக்கு உட்பட்ட நாள்களுக்கு அது கத்தவே இல்லை. கத்தாததெல்லாம் சரி என்று நம்பிவிட்டாள், பாவி.

ஆர்டர் குறைந்தது. கடைசியாகச் சேர்ந்த இருபது பேரை நிறுத்துவதென்று முடிவாயிற்று. மிஷின் கொடுத்த பட்டியலில் இருபதாவது பெயர் கன்னியப்பன். அவள் தெருக்காரர். அவளை இந்த வேலைக்குச் சொல்லிவிட்டவரே அவர்தான்.

"நான் பொங்கல் கழிஞ்சு தை மாசத்துல சேர்ந்தேன் சார். இதுல நவம்பர்னு போட்டுகீது" என்றார் அவர், ஆபீசர் ராஜசேகர் முன்னால் நின்றுகொண்டு.

"அம்சவல்லி, ரிஜிஸ்டரைப் பாத்து சொல்லும்மா" என்றார் ராஜசேகர். "நீ சொல்றதுதான் முடிவு."

புரட்டினாள். கன்னியப்பன், 11-2-85. பிப்ரவரி பதினொன்றை மிஷின் நவம்பர் இரண்டாக்கியிருந்தது. சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள், இவரைப் பட்டியலிலிருந்து எடுத்தால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்று விரல் தானாகத் தேடியது. 2-11-85. இந்த நவம்பரை மிஷின் பிப்ரவரியாக்கியிருந்தது. பெயர் மாரி. அவள் கூடப்பிறந்த அண்ணன். வீட்டில் ஒரு கைக்குழந்தை, அண்ணி மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது.

"ரிஜிஸ்டர்லயும் அதேதான் சார்" என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில் கன்னியப்பன் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "மிஷினு பொய் சொல்லாதுன்றாங்க. எனக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சு போலகீது. நீ இன்னாம்மா பண்ணுவ, உக்காரு" என்றார்.

அம்சவல்லி அவர் பிடித்துவைத்த இடத்தில் உட்கார்ந்துதான் வீடு வந்து சேர்ந்தாள்.